குருதியின்றித் துடிக்கும் இதயம்

இதய வால்வுகள் திறந்து மூடுவதை உள்ளிருந்து கண்டவர் நெடுங்காலம் எவருமிலர். இறந்தவர் உடலை அறுத்தால் வால்வு தெரியும், அசைவு இராது. உயிருள்ளவரின் நெஞ்சைத் திறந்தால் அசைவு இருக்கும்; செங்குருதி கண்ணை மறைக்கும். ஆயர்கள் வழிபாட்டில் தரிக்கும் இருமுனைத் திருமுடிக்கு ஒப்பிட்டு, 16ஆம் நூற்றாண்டின் வெசாலியுஸ் விவரித்ததாலேயே ‘மைட்ரல்’ வால்வு அப்பெயர் பெற்றது. அவரும் அதனை அசைவற்ற நிலையில் ஆய்ந்தே அறிந்தார்.

குருதிக்கு மாற்றாகத் தெளிந்த நீர்மம் கிடைத்தாலன்றி இத்திரை விலகாது. இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், உப்புக்கரைசலில் தவளையின் இதயம் நெடுநேரம் துடிப்பதைக் கண்டு, 1882இல் அதனை வெளியிட்டார். பின்னரே, கரைசல் வாலைநீரில் அன்றிக் குழாய்நீரில் செய்யப்பட்டது என்று தெரியவந்தது. வாலைநீரில் செய்தபோது இதயம் சோர்ந்தது. குழாய்நீரின் சுண்ணாம்புச்சத்தே துடிப்பைக் காத்தது என 1883இல் அவரே எழுதினார். ஆய்வுக்கூடத்துச் சிறு கவனக்குறைவுகள் யாவும் இவ்வாறு பயன்தரின் எத்துணை நலம்!

1895இல் ஜெர்மானியர் ஆஸ்கர் லாங்கெண்டார்ஃப், பாலூட்டிகளின் இதயத்தை வெளியே எடுத்து, பெருந்தமனி வழியே பின்னோக்கி நீர்மம் செலுத்தித் துடிக்கவைத்தார். 1902இல் ரஷ்யாவின் குலியாப்கோ, நிமோனியாவால் இறந்த குழந்தையின் இதயத்தை, ஏறத்தாழ 20 மணி நேரத்திற்குப் பின் மீண்டும் இயங்கச் செய்தார். இதயம் துடித்தது, குழந்தை மீளவில்லை. இதயம் தன் துடிப்பைத் தானே எழுப்பவல்ல உறுப்பு என்பதை மறந்தால், இவ்வாய்வுகளைக் கேட்டு நாம் வீணே அஞ்சுவோம். அல்லது வீணே நம்புவோம்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பால் ஐயாசோவின் குழுவினர், மெட்ரானிக் நிறுவனத்துடன் இணைந்து, 1997 முதல் இம்முறையை வளர்த்தனர். கொடையாய் வந்தும் பிறருக்குப் பொருத்த இயலாத இதயங்கள், குடும்பத்தாரின் இசைவுடன் அங்குச் சேர்கின்றன. வெதுவெதுப்பான, உயிர்வளி கலந்த, தெளிந்த நீர்மம் நான்கு அறைகளிலும் பாய்கிறது. மின்னதிர்ச்சி தாளத்தைச் சீராக்குகிறது. உள்ளே செலுத்திய சிறு கேமரா, வால்வின் இதழ்கள் மெல்லிய துணிபோல் மடிந்து விரிவதையும், அவற்றை இழுத்துப் பிடிக்கும் நாண்கள் விறைப்பதையும் காட்டுகிறது. செயற்கை வால்வோ, இதயத் துடிப்புக் கருவியின் கம்பியோ தசையில் எவ்வாறு அமர்கிறது என்பதைப் பொறியாளர் கண்ணால் காண்கின்றனர். படங்கள் இணையத்தில் கட்டணமின்றி மாணவர்க்குக் கிடைக்கின்றன.

பொருத்தத்தக்க இதயம் நோயாளிக்கே செல்லும், அதுவே முறை. ஆதலால் கேமரா காண்பவற்றுள் நோயுற்ற இதயங்களும் பல. தடித்த வால்வும் தழும்பேறிய தசையும் வேண்டாதவை என ஒதுக்கப்பட்டவை. கருவி செய்வோர்க்கோ அவையே தேவை, அக்கருவி இறுதியில் அத்தகைய நெஞ்சிலன்றோ அமரவேண்டும்! சில மணி நேரத்தில் துடிப்பு ஓய்கிறது. பின்னர் ஃபார்மலினில் பதப்படுத்தி வைக்கும் இதயங்களைக் காந்த அதிர்வுப் படமெடுத்து மீண்டும் ஆராய்கின்றனர்.