பெரட்டுக் கணக்கும் புகைக் கணக்கும்

பாக்கார் ஆராங் என்ற பெயரை நாம் தினமும் சொல்கிறோம். மலாய் மொழியில் 'பாக்கார்' என்றால் எரித்தல். 'ஆராங்' என்றால் கரி. ஊரின் பெயரிலேயே நெருப்பும் புகையும் இருக்கின்றன. சுங்கைப் பட்டாணிக்கு அருகே சுங்கை பத்துவில், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழங்கால இரும்பு உருக்கு உலைகளைத் தோண்டி எடுத்தார்கள். அவையும் கரியில் எரிந்தவைதாம். ஆக, இந்த வட்டாரத்துக்கும் புகைக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. அந்தப் புகையை அளந்து, ஏட்டில் எழுதி, உலகத்தின் முன் வைக்க வேண்டிய கட்டாயம் நம்மைப் போன்ற வளரும் நாடுகளுக்கு எப்படி வந்தது? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு முறை புதிதல்ல. விடியற்காலையில் பெரட்டு, பேர் பதிவு. வெட்டு முடிந்ததும் பால் கொட்டகையில் நிறுவை. அங்கே எடை மட்டும் போதாது. பாலில் தண்ணீர் எவ்வளவு, காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்துத்தான் கணக்கு எழுதுவார்கள். கிராணி எழுதியதைத் துரை பார்ப்பார். குறைவாக எழுதிவிட்டார்கள் என்று தொழிலாளி நினைத்தால், சங்கத்தின் காதுக்கு விஷயம் போகும். அளப்பது, எழுதுவது, சரிபார்ப்பது என்ற இந்த மூன்றும்தான் பருவநிலை மாற்றப் பேச்சுவார்த்தைகளில் உலகத் தலைவர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்ட விஷயம்.

யார் யாரைச் சரிபார்ப்பது?

1992 ஜூனில் பிரேசிலின் ரியோ நகரில் நடந்த மாநாட்டில் ஐ.நா. பருவநிலை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. மலேசியா 1994இல் அதை உறுதிப்படுத்தியது. பணக்கார நாடுகள் ஒன்றரை நூற்றாண்டாக நிலக்கரியை எரித்து வளர்ந்தவை என்பதால் முதல் பொறுப்பு அவற்றுக்கே என்பது அந்த ஒப்பந்தத்தின் அடிப்படை. வளரும் நாடுகள் 'தேசிய அறிக்கை' கொடுத்தால் போதும், அதற்குக் கண்டிப்பான தவணை கிடையாது. மலேசியாவின் முதல் அறிக்கை 2000ஆம் ஆண்டில் போனது. இரண்டாவது 2011இல் போனது. நடுவில் 11 ஆண்டுகள்!

2007 டிசம்பரில் இந்தோனேசியாவின் பாலித் தீவில் நிலைமை மாறியது. வளரும் நாடுகளின் நடவடிக்கைகளும் 'அளக்கத்தக்க, அறிவிக்கத்தக்க, சரிபார்க்கத்தக்க' வகையில் இருக்க வேண்டும் என்ற சொற்கள் தீர்மானத்தில் நுழைந்தன. அந்தச் சொற்கள் வாக்கியத்தின் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்கே கடைசி நாள் பெரும் போராட்டம் நடந்தது. எங்கள் நடவடிக்கையை அளப்பது போல, பணக்கார நாடுகள் தருவதாகச் சொல்லும் பணத்தையும் தொழில்நுட்பத்தையும் அளக்க வேண்டும் என்று இந்தியாவும் மற்ற வளரும் நாடுகளும் வாதாடின. முதலில் மறுத்த அமெரிக்கா, மண்டபத்தில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு இறங்கி வந்தது. இரண்டு பக்கக் கணக்கும் ஒரே ஏட்டில் இருக்க வேண்டும் என்ற அந்தக் கோரிக்கை நியாயமானதுதானே?

2009இல் கோப்பன்ஹேகனில் இதே வாதம் மீண்டும் வெடித்தது. வெளியாட்கள் வந்து சோதிப்பதை இறையாண்மையில் தலையிடுவதாகச் சீனாவும் இந்தியாவும் கருதின. 2010இல் மெக்சிகோவின் கான்கூனில் சமரசம் பிறந்தது. வளரும் நாடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும், நிபுணர்கள் அதை ஆராய வேண்டும், ஆனால் தண்டிப்பதோ அவமானப்படுத்துவதோ கூடாது என்று முடிவானது. அப்போது இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் முன்வைத்த யோசனை அந்தச் சமரசத்துக்குப் பெரிதும் உதவியது.

நம் நாட்டின் ஏடு

கோப்பன்ஹேகனில் அன்றைய பிரதமர் நஜிப் ஒரு வாக்குறுதி கொடுத்தார். 2005ஆம் ஆண்டுடன் ஒப்பிட்டு, 2020க்குள் கரியமில வாயுவின் 'செறிவை' 40 விழுக்காடு வரை குறைப்போம், அதற்குப் பணமும் தொழில்நுட்பமும் வர வேண்டும் என்றார். 2021இல் மலேசியா, 2030க்குள் 45 விழுக்காடு என்று, எந்த நிபந்தனையும் இல்லாமல் இலக்கை உயர்த்தியது.

செறிவு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நாடு சம்பாதிக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் எவ்வளவு புகை என்பதே அதன் பொருள். பொருளாதாரம் இரண்டு மடங்காகி, செறிவு 40 விழுக்காடு குறைந்தால் மொத்தப் புகை என்ன ஆகும்? 100 என்று இருந்தது 120 ஆகும். இலக்கையும் அடைந்திருப்போம், புகையும் கூடியிருக்கும்! இது மோசடியல்ல. வளரும் நாட்டுக்கு வளர இடம் வேண்டும் என்ற கொள்கை அது. ஆனால் '40 விழுக்காடு குறைந்தது' என்று மட்டும் செய்தியில் கேட்பவர், புகையே குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். ஒளிபரப்புத் துறையில் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உச்சத்தைத் தொட்ட பிறகு மொத்த அளவையே குறைப்பது என்ற இலக்கை மலேசியா 2025இல்தான் அறிவித்தது.

இன்னொரு பக்கம் மரக் கணக்கு. நான்காவது ஈராண்டு அறிக்கையின்படி, 2019இல் மலேசியா வெளியிட்டது சுமார் 33 கோடி டன். அதில் முக்கால் பங்குக்கு மேல் எரிசக்தித் துறையிலிருந்து வந்தது. காடுகளும் நிலமும் உறிஞ்சியதாகக் கழிக்கப்பட்டது சுமார் 21 கோடி டன். இந்தக் கழித்தல் சரிதானா என்ற கேள்வியை 2021 நவம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் எழுப்பியது. மலேசியாவின் 2016ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து, அண்டை நாடான இந்தோனேசியாவின் அதே வகைக் காடுகளைவிட நம் மரங்கள் நான்கு மடங்கு வேகமாகக் கரியை உறிஞ்சுவதாகக் கணக்குக் காட்டுகிறது என்று எழுதியது. ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. குழு 2006இல் வகுத்த வழிகாட்டியின்படியே கணக்கிட்டதாக அறிக்கை சொல்கிறது. வழிகாட்டி ஒன்றாக இருந்தாலும், ஒரு மரம் ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்று எடுத்துக்கொள்ளும் எண்ணைப் பொறுத்து விடை மாறிவிடும். பாலின் எடை சரியாக இருந்தாலும் ரப்பர் விழுக்காடு தவறினால் கூலி தவறுவதைப் போலத்தான் இதுவும்.

நம் வீட்டுக் கணக்கு

இது கோலாலம்பூர் அதிகாரிகளின் வேலை, நமக்கென்ன என்று கேட்கலாம். வீட்டுக்கு வரும் தெனாகா மின்கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு என்று ஒரு வரி இருக்கும். 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1 விழுக்காடாகத் தொடங்கிய அந்தப் பிடித்தம், 2014 ஜனவரியில் 1.6 விழுக்காடானது. மாதம் 300 கிலோவாட் மணிக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. நம் பணம் போகிற இடத்தில் கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பக்கத்து புக்கிட் செலம்பாவில் 30 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. அங்கே கணக்கு எளிது. மீட்டர் காட்டும் மின்சாரத்தை, அதே அளவு மின்சாரத்துக்கு வழக்கமாக வெளிவரும் புகையால் பெருக்கினால் மிச்சமான புகை தெரிந்துவிடும். செம்பனை ஆலைகளின் கழிவுக் குட்டைகளில் கிளம்பும் மீத்தேன் வாயுவைப் பிடித்து மின்சாரமாக்குவதும் நல்ல வேலைதான். ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. கியோட்டோ ஒப்பந்தத்தின்கீழ் மலேசிய ஆலைகள் சில, குறைத்த புகையை வெளிநாடுகளுக்கு 'கார்பன் சான்றிதழாக' விற்றன. விற்றவரும் வாங்கியவரும் அதே டன்னைத் தத்தம் ஏட்டில் எழுதினால், ஒரே வாளிப் பாலை இரண்டு பேர் கணக்கில் ஏற்றியது போலாகும்.

2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் பழைய ஏற்பாடு மாறியது. பணக்கார நாடு, வளரும் நாடு இரண்டுக்கும் ஒரே அடிப்படை விதி வந்தது. வசதி குறைந்த நாடுகளுக்குச் சில சலுகைகள் மட்டும் உண்டு. புதிய முறையில் முதல் அறிக்கைக்கு 2024 டிசம்பர் 31 கெடு. சரிபார்க்கும் குழு இப்போதும் தண்டிக்காது. கேள்வி கேட்கும் வேலை நாட்டு மக்களிடம்தான் இருக்கிறது.

எனவே இனி 'இத்தனை விழுக்காடு குறைத்தோம்' என்ற அறிவிப்பைக் கேட்டால், நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். எந்த ஆண்டிலிருந்து? மொத்தத்திலா, ரிங்கிட்டுக்கா? மரத்தைக் கழித்த பிறகா, முன்பா? சரிபார்த்தது யார்? கிராணியின் புத்தகத்தை எட்டிப் பார்த்துத் தன் பேருக்கு நேரே எழுதியதைக் கேட்ட தொழிலாளியின் பிள்ளைகள் நாம். இந்தக் கேள்விகளைக் கேட்க நமக்குத் தயக்கம் தேவையில்லை.