எலும்பு விடாத உலோகம்

மாவனல்லைப் பக்கமிருந்து கடுகண்ணாவை ஏற்றம் ஏறி வரும் பஸ்களில், பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையில் திருகாணி வைப்பார்கள் என்றால் யாருக்கும் முதலில் வரும் சந்தேகம், உலோகத்தை எலும்பு ஏற்குமா என்பதுதான். நியாயமான சந்தேகம்.

அதற்கு விடை பல் வைத்தியரிடமிருந்து வரவில்லை. 1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரேனமார்க் என்ற ஆய்வாளர், முயலின் கால் எலும்புக்குள் இரத்தம் ஓடுவதைப் பார்க்க ஒரு சிறு டைட்டானியக் கூட்டைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைக் கவ்விப் பிடித்திருந்தது. விலை கூடிய கூடு போயிற்றே என்று சலித்து விட்டுவிடாமல், ஏன் பிடித்தது என்று கேட்டாரே, அங்கேதான் இந்தத் திருகாணி பிறந்தது. 1965இல் யெஸ்தா லார்சன் என்பவரின் பல்லில்லாத கீழ்த்தாடையில் முதன்முதலாக வைத்தார்கள். பல் வைத்திய உலகம் நெடுநாள் நம்பவில்லை. 1982இல் டொரொண்டோவில் இதைப் பற்றி நடந்த மாநாட்டுக்குப் பிறகே இறங்கி வந்தது. லார்சன் 2006இல் இறக்கும்வரை அந்தத் திருகாணிகளோடு சாப்பிட்டார்.

உண்மையில் எலும்பு டைட்டானியத்தைத் தொடுவதே இல்லை. காற்றுப் பட்டவுடன் உலோகத்தின் மேல் சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படலம் படிந்துவிடுகிறது. இரத்தத்திலுள்ள புரதங்கள் அதில் ஒட்ட, அந்தப் புரதங்களை எலும்புக் கலங்கள் பற்றிக்கொள்கின்றன. பற்றிய இடத்தில் ஏற்படும் இழுவை கலத்தின் உள்ளே கருவரைக்கும் போய், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகிறது.

இதில் என்னை வியக்கவைத்தது ஆய்வுகூடத்தில் கண்ட ஒரு முடிவு. வழுவழுப்பான டைட்டானியத்தில் கலங்கள் வேகமாகப் பெருகின. சொரசொரப்பானதில் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் ஒஸ்ரியோகல்சின் போன்ற எலும்புப் புரதங்களைக் கூடுதலாகச் சுரந்தன. பெருகுவதை விட்டு வேலையில் இறங்கிவிட்டன! 2007இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு பிளாஸ்டிக் பரப்பில் 120 நனோமீற்றர் அகலக் குழிகளைச் சற்றே ஒழுங்கு தப்பிப் பதித்தபோது, எலும்பாக்கும் மருந்து எதுவும் ஊற்றாமலே மூலக் கலங்கள் எலும்புக் கலங்களாகின. வரிசை பிசகாமல் பதித்த குழிகளில் அது நடக்கவில்லை.

சொரசொரப்பான பரப்பில் கலங்கள் இப்படி வேலையில் இறங்குவதால்தான் இன்றைய திருகாணிகளை வேண்டுமென்றே துகள் வீசிச் சிராய்த்து, அமிலத்தில் அரிக்கவிடுகிறார்கள். எலும்பு பிடிக்க முன்பு மூன்று முதல் ஆறு மாதம் காத்திருந்த இடத்தில், இப்போது பலருக்கு ஆறு முதல் எட்டு வாரம் போதும்.

டைட்டானியத்தின் மூலக் கனிமமான இல்மனைட் நமது புல்மோட்டைக் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது. அது மணலாகக் கப்பலேறிப் போகிறது. திருகாணி பெட்டியில் இறக்குமதியாகி வருகிறது. இந்த வித்தியாசத்தின் விலையை நோயாளிதான் கட்டுகிறார்.

திருகாணி வைக்கப் போகிறவர்கள் விலையை மட்டும் விசாரிக்காமல், அதன் மேற்பரப்பு எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்றும் கேளுங்கள். சிகரெட் பழக்கமோ கட்டுப்பாடில்லாத நீரிழிவோ இருந்தால் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். எவ்வளவு நல்ல மேற்பரப்பாக இருந்தாலும், இவை இரண்டும் எலும்பின் பிடிப்பைக் கெடுக்கும்.