உள்ளே போனாலும் பாக்கி பாக்கிதான்
ஜீவனாம்சச் சட்டம் நடந்து வந்த பாதை

மகளிர் சுய உதவிக் குழு முயற்சி 1989-ல் தருமபுரியில் தொடங்கி, அடுத்த சில வருடங்களிலேயே நம்ம சேலத்துக்கும் வந்தது. அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான்; தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-ல். குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்து நோட்டை மூடும்போது அடிக்கடி காதில் விழுகிற ஒரு பேச்சு உண்டு: "கோர்ட்டுல ஆர்டர் ஆயிடுச்சுக்கா. ஆனா ஒரு மாசப் பணம்கூட வரல."

லாரியில் போனவர், ரிக் வண்டியில் வடக்கே போனவர், தறிப் பட்டறையை விட்டுவிட்டு வேற ஊரில் குடித்தனம் வைத்தவர் என்று ஆள் மாறும், கதை ஒன்றுதான். கூடவே இன்னொரு பேச்சும் ஓடுகிறது: "ஒரு மாசம் ஜெயில்ல இருந்துட்டு வந்தா கணக்குத் தீர்ந்துச்சு." இது சரியா? பதில் தெரிய வேண்டுமானால் 160 வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

தெருவுக்கு வரக்கூடாது என்று வந்த சட்டம்

வெள்ளைக்காரன் காலத்தில், 1861-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இந்தப் பிரிவு இருந்தது. வசதி இருந்தும் மனைவியையும் பிள்ளையையும் கவனிக்காதவனுக்கு மாஜிஸ்திரேட் மாதாமாதம் பணம் கட்டச் சொல்லி உத்தரவு போடலாம். கட்டாவிட்டால் அபராதம் வசூலிப்பது போல வசூலிக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை.

பெண்ணுக்கு உரிமை தர வேண்டும் என்பதல்ல அன்றைய நோக்கம். 1872-ல் சட்டத்தைத் திருத்தி எழுதிய ஜேம்ஸ் ஸ்டீஃபன், ஆதரவில்லாதவர்கள் தெருவில் அலையாமல் தடுக்கும் ஏற்பாடு என்றுதான் இதைப் பார்த்தார். சொத்து வழக்கு, விவாகரத்து வழக்கு மாதிரி சிவில் கோர்ட்டுக்குப் போகாமல், சீக்கிரம் முடியட்டும் என்று மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்ததும் அதனால்தான். பட்டினிக்கு வாய்தா கேட்க முடியாதே!

1898 சட்டத்தில் இது 488-வது பிரிவு. பழைய ஆட்கள் "நானூத்தி எண்பத்தெட்டு கேஸ்" என்று சொன்னால் இதுதான்.

ஐம்பது ரூபாயில் நின்ற கணக்கு

எவ்வளவு கொடுக்கச் சொல்லலாம் என்பதற்கு உச்சவரம்பு இருந்தது. முதலில் மாதம் 50 ரூபாய். 1923-ல் 100 ஆனது. 1955-ல் 500 ஆனது. அதற்கப்புறம் விலைவாசி எங்கேயோ போய்விட்டது; 500 மட்டும் நகரவே இல்லை. 2001-ல்தான் வரம்பை எடுத்தார்கள். அதாவது 46 வருடம், கணவர் எவ்வளவு சம்பாதித்தாலும் இந்தப் பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் மத்திய சட்டம் தரவில்லை. இன்று ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடக்கிற பெண்ணுக்கு, வருமானத்தைப் பார்த்து, தேவையைப் பார்த்துத் தொகை நிர்ணயம் ஆகிறதென்றால் அதற்குக் காரணம் அந்தத் திருத்தம். வழக்கு முடியும்வரை இடைக்காலத் தொகை கேட்கும் வழியையும், நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் அந்த மனுவைக் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்பதையும் அதே திருத்தம்தான் எழுதி வைத்தது.

நடுவில் வேறு மாற்றங்களும் வந்தன. கணவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால், அவரோடு வாழ மறுக்க அதுவே போதுமான காரணம் என்று 1949-ல் சேர்த்தார்கள். 1973-ல் சட்டம் புதிதாக எழுதப்பட்டு, 1974 ஏப்ரல் 1 முதல் 125-வது பிரிவாக நடைமுறைக்கு வந்தது. விவாகரத்தான பெண்ணும், வயதான தாய் தகப்பனும் அப்போதுதான் உள்ளே வந்தார்கள்.

நம்ம பக்கத்துக்கு ரொம்ப முக்கியமான மாற்றம் ஒன்றும் அதில் இருந்தது. பழைய சட்டத்தில் கணவர் குடியிருக்கும் ஊரில், அல்லது அவர் அப்போது இருக்கும் ஊரில், இல்லாவிட்டால் இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரில்தான் வழக்குப் போட முடியும். ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த ஒருவர் லீவில் வந்திருந்தபோது மனைவி போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொஞ்ச நாள் வந்து தங்கியிருந்தாலும் அந்த ஊரில் வழக்குச் செல்லும் என்று 1963-ல் தீர்ப்பானது. 1973 சட்டமோ மனைவி குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்றது. ரிக் வண்டி எந்த மாநிலத்தில் நின்றாலும், பெண் தன் ஊர்க் கோர்ட்டில் மனுக் கொடுக்கலாம்.

முஸ்லிம் பெண்களுக்கும் இந்த வழி உண்டு என்பது 1985-ல் ஷா பானு வழக்கில் உறுதியானது. 1986 சட்டத்தால் குழப்பமானது. 125-வது பிரிவு அவர்களுக்கும் பொருந்தும் என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதே மாதம் 1-ஆம் தேதி முதல் புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலுக்கு வந்ததால், இனிப் போடும் வழக்குகளுக்கு இது 144-வது பிரிவு. எண்தான் மாறியது, ஒரு மாதச் சிறை என்ற அளவு மாறவில்லை.

ஜெயில் எதற்கு?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சிறைக்குப் போய்விட்டால் பாக்கி கழிந்துவிடுமா?

கழியாது. குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்தது. சிறை என்பது பணத்தை வரவைக்கும் வழி. பணத்துக்குப் பதில் அல்ல. பணத்தைக் கட்டினால்தான் கடன் தீரும். சட்டத்தின் வாசகமும் அதையே காட்டுகிறது: ஒரு மாதம் வரை, அல்லது அதற்கு முன்பே பணம் கட்டினால் அதுவரை. பூட்டுக்குச் சாவி உள்ளே இருப்பவர் கையிலேயே இருக்கிறது.

"அவரை உள்ளே வெச்சா வேலைக்கு எப்படிப் போவாரு, பணம் எப்படி வரும்?" என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சட்டம் நேராக ஜெயிலுக்குப் போவதில்லை. முதலில் வாரண்ட் போட்டு, பொருளை ஜப்தி செய்து வசூலிக்கப் பார்க்கும். நிஜமாகவே முடியாத நிலை என்றால் அவர் கோர்ட்டில் காரணம் சொல்லலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், தொகை தராதவருடைய முதலாளியே சம்பளத்தில் பிடித்து நேராகக் கட்டும்படி மாஜிஸ்திரேட் சொல்லவும் வழி இருக்கிறது. ஆனால் கையில் காசை வைத்துக்கொண்டு "பார்த்துக்கலாம்" என்பவருக்கு ஜெயில் கதவு ஒன்றுதான் புரியும் பாஷை.

ஒரு வருடக் கெடு

நம்ம பெண்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனுப் போட வேண்டும். மாதம் 5,000 ரூபாய் ஆர்டர். 14 மாதமாக வரவில்லை. இன்று போய் மனுப் போட்டால் 12 மாதப் பாக்கியைத்தான் இந்த வழியில் கேட்கலாம். "தருவாரு, தருவாரு" என்று பொறுத்திருந்த இரண்டு மாதத்துக்கு 10,000 ரூபாய் இந்த வழியில் போச்சு. பொறுமை நல்ல குணம்தான். ஆனால் சட்டம் அதற்கு வட்டி தராது.

குழுவில் சந்தா, தவணை என்று தேதி போட்டு எழுதப் பழகிய கை நம்முடையது. அதே மாதிரி ஜீவனாம்சத்துக்கும் ஒரு நோட்டு வையுங்க. எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்று எழுதுங்க. பணத்தைக் கையில் வாங்காமல் பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்க, பாஸ்புக்கே சாட்சி. 2020-ல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில், இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், தொகையை மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே அவருடைய வண்டி நம்பர், பட்டறை, நிலம் பற்றித் தெரிந்ததையும் குறித்து வையுங்க.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம், போன் 15100. அடுத்த கூட்டத்தில் கடன் பாக்கி பேசி முடித்ததும், ஊக்குநரும் பிரதிநிதியும் இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்: "யாருக்கு ஜீவனாம்சம் பாக்கி? எத்தனை மாசம் ஆச்சு?" 11 மாதம் என்று பதில் வந்தால், அந்த வாரமே அவரோடு இரண்டு பேர் துணையாக கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும்.