கொல்லையில் மரபு

புதுக்கவிதை இறக்குமதிச் சரக்கு என்று ஒரு நண்பர் சொன்னபோது எனக்குப் பாட்டியின் கொல்லை ஞாபகம் வந்தது. அவரை, புடலை, பிரண்டை, வேலியோரம் மிளகாய். பறித்த மிளகாயைக் கீறி உப்பு மோரில் ஊறவைப்பாள். பகலில் வெயில், இரவில் மறுபடி அதே மோர், மோர் வற்றுகிறவரை. தொன்றுதொட்டு வருவது என்றே நம்பியிருந்தேன்.

மிளகாயின் தாயகம் அமெரிக்கா. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது மிளகைத் தேடி. மிளகாய் அதற்குப் பிறகு, போர்த்துக்கீசியரோடு வந்தது. சங்கப் பாடல்களில் மிளகு உண்டு, மிளகாய் கிடையாது. மிளகோடு 'காய்' சேர்த்துப் பெயர் வைத்து நாம் அதை வீட்டுக்குள் விட்டோம். தக்காளி என்ற பெயரும் முன்பு இங்கத்திய சிறுபழச் செடிகளுக்கு உரியதுதான்.

திவசத்தன்று மட்டும் பாட்டி மிளகாயைத் தொடமாட்டாள். தக்காளி, உருளைக்கிழங்கு, கோஸ் எதுவும் உள்ளே வராது. உறைப்புக்கு மிளகு, அவரை, புடலை, பிரண்டைத் துவையல். பிதிர்களுக்கு அவர்கள் அறிந்த சாப்பாடு. எந்த ஏட்டிலும் எழுதாமல் அடுப்படி காப்பாற்றி வந்த சரித்திரம் இது.

தூய மரபு வேண்டும் என்கிற நண்பருக்கு இதைத்தான் சொல்ல முடியும்: அது வருஷத்தில் ஒரு நாள், இறந்தவர்களுக்குப் படைப்பது. மறுநாள் தயிர்சாதத்துக்குப் பாட்டி மோர்மிளகாய்தான் வறுத்தாள்.