எங்கட பாட்டை யார் எழுதிவைக்கிறது?

தாராபுரத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஹிப்ஹொப்புக்கென்று ஒரு சின்னப் பக்கம் நடத்துகிறோம். பாட்டு விமர்சனம், நேர்காணல், இடைக்கிடை வீடியோ. கமரா என்று இருப்பது ஒருவருடைய போன் மட்டும்தான். மன்னார்க் காற்று மைக்குக்குள் புகுந்துவிடும் என்பதால் கதவைச் சாத்திவிட்டு வேர்த்து வேர்த்து ரெக்கோர்ட் பண்ணுவோம். டேட்டாக் காசு எங்கட கையால்தான் போகிறது. "இதால என்ன வருமானம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். சரியான கேள்விதான். எங்களுக்கு முதல் இதைச் செய்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று தேடிப் பார்த்தோம்.

ஹிப்ஹொப் பிறந்ததாகச் சொல்லப்படும் நாள் 1973 ஓகஸ்ட் 11. நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹேர்க் இசை போட்ட ஒரு வீட்டு விருந்து. 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற இசைத்தட்டு நாடு முழுக்க ஹிட் ஆனது 1979இல். இடைப்பட்ட ஆறு வருசமும் அந்தக் கலை கசெட்டுகளிலும் கையால் வரைந்த விருந்து நோட்டீஸ்களிலும்தான் உயிரோடு இருந்தது. அப்படியான நோட்டீஸ்களை இன்று கோர்னெல் பல்கலைக்கழகம் ஆவணமாகப் பாதுகாக்கிறது. யாரோ ஒருவர் அவற்றை எறியாமல் வைத்திருந்ததால் வந்த வரலாறு அது.

1988இல் ஹாவார்டில் படித்துக்கொண்டிருந்த டேவிட் மேய்ஸும் ஜோன் ஷெக்டரும் தங்கள் வானொலி நிகழ்ச்சியின் நேயர்களுக்காக ஒரு செய்திமடல் தொடங்கினார்கள். எங்கட வயசுதான் அவர்களுக்கும். அந்த மடல்தான் 'த சோர்ஸ்' என்ற பெரிய சஞ்சிகையாக வளர்ந்தது. ஆனால் விளம்பரம் தந்தது பாட்டு வெளியிடும் கம்பனிகள். விமர்சிக்கிறவனுக்குச் சோறு போடுவது விமர்சிக்கப்படுகிறவன் என்றால் பேனா எப்படி நேராக ஓடும்? 1994இல் மேய்ஸ், தனக்கு நெருக்கமான ஒரு குழுவைப் பற்றிய கட்டுரையை ஆசிரியர் குழுவுக்குத் தெரியாமல் இதழில் சேர்த்தார். ஷெக்டர் உட்பட ஆசிரியர் பகுதியில் பெரும்பாலானோர் விலகினார்கள். பணமும் நட்பும் சேர்ந்து ஒரு நல்ல இதழை உடைத்த கதை.

எங்களுக்கு விளம்பரமே இல்லை. அந்த ஆபத்தும் இல்லை. ஆனால் நட்பு இருக்கிறது. ராப் பண்ணுகிறவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். "மச்சான், ரெண்டாவது வெர்ஸ் சரியில்ல" என்று எழுதிய பிறகு, ஒருவர் ரெண்டு மாதம் எங்களோடு கதைக்கவில்லை. சின்ன ஊரில் விமர்சனத்தின் விலை அது.

அப்ப ஏன் விடாமல் செய்கிறோம்? மற்றவர்கள் எழுதும்போது பெயர்கள் விடுபட்டுப் போகின்றன. 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடியது. அதை எழுதிப் பாடியவர் அறிவு. அந்தப் பாட்டுக்குப் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த அவருடைய பாட்டியின் வாழ்க்கை இருக்கிறது. அதே வருசம் ஓகஸ்ட் மாத 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகுதான் அவருக்கு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது.

விடுபட்டுப் போவது என்றால் என்னவென்று எங்கட ஊருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 ஒக்ரோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவுச் சனம் வள்ளங்களில் கல்பிட்டிப் பக்கம் போனது. நாங்கள் பிறந்ததே புத்தளத்தில். உம்மம்மாவின் கல்யாணப் படம் ஒன்றுகூட எங்கட வீட்டில் இல்லை. ஊரில் முன்பு யார் பாடினார்கள், என்ன பாடினார்கள் என்பதெல்லாம் அவவின் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் இரண்டு விதி வைத்திருக்கிறோம். பாடியவர் நண்பர் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுவோம். ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், பீட் செய்தவர், இடம், திகதி எல்லாவற்றையும் குறித்து, போனுக்கு வெளியிலும் ஒரு பிரதி வைப்போம். போன மாதம் தேடியெடுத்த பழைய பாட்டு ஒன்றுக்கு பீட் செய்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.