பிசினிற் பொதிந்த அந்துப்பூச்சி

கோயில்களிலே கமழும் குங்கிலியப் புகையை அறியாதார் நம்மிடையே இலர். மரத்தின் காயத்திலிருந்து வடிந்து இறுகிய பிசினே குங்கிலியம். இத்தகைய பிசின் மண்ணுள்ளே புதையுண்டு, கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து, கல்லைப்போல் இறுகிவிடுமாயின் அதனை அம்பர் என்பர். திமிங்கிலத்தின் குடலிலிருந்து தோன்றும் வாசனைப் பொருளுக்கும் அம்பர் என்னும் பெயர் உண்டு. அது வேறு, நாம் இன்று பேசப்போவது வேறு.

எல்லாப் பிசினும் அம்பராவதில்லை. நமது வளவுகளில் நிற்கும் வேம்பும் விளாவும் தருகின்ற பிசின் நீரிற் கரைவது. ஒரு மாரிக்கே அது தாங்காது. குங்கிலியமோ நீரிற் கரையாது. நெருப்பிலே உருகி எரியும். நீருக்கு அழியாத அக்குணமே அதனை யுகங்கள் கடந்து காப்பாற்றுகின்றது. அம்பர் மிகவும் இலேசானது. நன்னீரிலே அமிழும், உப்பை நிறையக் கரைத்த நீரிலே மிதக்கும்.

பழைய கிரேக்கர் இதனை 'எலெக்ற்றோன்' என்றழைத்தனர். கம்பளித் துணியில் உரைத்தால் துரும்பை இழுக்கும் இதன் இயல்பை அவர்கள் கண்டிருந்தனர். 1600ஆம் ஆண்டில் வில்லியம் கில்பேட் என்னும் ஆங்கில மருத்துவர் அவ்வியல்பை ஆராய்ந்து, இப்பெயரிலிருந்தே ஒரு சொல்லை ஆக்கினார். மேனாட்டு மொழிகளில் மின்சாரத்துக்கு இன்று வழங்கும் பெயர் அதன் வழி வந்ததே.

இப்பொருள் மரத்தின் சாறு என்பதை முன்னோர் எங்ஙனம் அறிந்தனர்? உரோம வரலாற்றாசிரியரான தசித்தசு, கி.பி. 98ஆம் ஆண்டளவில் எழுதிய நூலிலே அதற்கு விடை கூறுகின்றார். ஊர்வனவும் பறப்பனவுமாகிய சிற்றுயிர்கள் இதனுள்ளே காணப்படுகின்றன. ஆகவே இது முன்னொரு காலத்தில் ஓடிய சாறாக இருந்து, அவற்றை அகப்படுத்திப் பின் இறுகியிருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. உள்ளே கிடந்த பூச்சியே அம்பரின் பிறப்புக்குச் சாட்சியாயிற்று.

எறும்பும் ஈயும் அம்பரிலே மிகுதியாக அகப்படும். அந்துப்பூச்சி அரிதாகவே அகப்படும். அதன் சிறகைத் தொட்டால் விரலிலே மாப்போல் ஒட்டிக்கொள்வன நுண்ணிய செதில்கள். சிலந்தி வலையிற் சிக்கும்போது அச்செதில்களைக் கழற்றி விட்டுத் தப்பிச் செல்வது அந்துப்பூச்சியின் வழக்கம். அவ்வாறு தப்பாமல் பிசினில் மூழ்கியவற்றின் செதிலும் சிறகு நரம்பும் உணர்கொம்பும் குலையாமல் நமக்குக் கிடைத்துள்ளன.

அவற்றுள் ஒன்றைப் பார்ப்போம். 1978இல் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்த போல் வாலி என்னும் அறிஞர், லெபனான் நாட்டு அம்பரிலிருந்து ஒரு புதிய அந்துப்பூச்சி இனத்தை விவரித்தார். அதன் வயது ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகள். அதற்குப் 'பராசபற்றிங்கா அப்திமாக்கிரை' என்று பெயரிடப்பட்டது. பெயரின் முற்பகுதி, நியூசிலாந்திலே இன்றும் வாழும் சபற்றிங்கா என்னும் பூச்சிக்கு உறவானது என்பதைக் குறிக்கின்றது. பிற்பகுதி, அந்த அம்பரைத் தேடித் திரட்டிய அப்திம் அக்ரா என்பாரை நினைவூட்டுகின்றது. இக்குலத்துப் பூச்சிகளுக்குத் தேனுறிஞ்சும் குழல் இல்லை. மகரந்தத்தையும் பன்னங்களின் வித்தித்தூளையும் தாடையால் மென்று தின்பவை இவை. அந்துப்பூச்சிகளின் ஆதி மூதாதையர் உறிஞ்சுவனவாயிராது மெல்லுவனவாயிருந்தன என்பதை இவற்றால் உணர்கின்றோம்.

ஒரு புதிய இனத்தை விவரித்தல் பெயர் சூட்டுவதோடு முடிவதன்று. அம்பரைத் தேய்த்து மெருகிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, சிறகு நரம்புகளின் கிளைகளை ஒவ்வொன்றாக வரைதல் வேண்டும். அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டு, எதனால் வேறுபடுகின்றது எனக் காட்டல் வேண்டும். 1758இல் வெளிவந்த இலின்னேயசின் நூற்பதிப்பை அடியாகக் கொண்ட முறைப்படி இருசொற் பெயர் இட்டு, அதனை அச்சிலே வெளியிடல் வேண்டும். மூலமாதிரியையும் எவரும் சென்று பார்க்கத்தக்க நூதனசாலையிலே வைப்பது நன்முறை. இவற்றோடு ஒன்று இன்றியமையாதது: அது எங்கே, எந்த மண்படையிலே கிடைத்தது என்னும் குறிப்பு.

அக்குறிப்பின் பெறுமதியை இந்தியாவிலே காணலாம். குசராத்து மாநிலத்தில் சூரத்து நகருக்கு அண்மையிலுள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து, 5 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட அம்பர் கிடைத்தது. ஜேர்மானிய, அமெரிக்க, இந்திய அறிஞர்கள் அதனை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டனர். அது குங்கிலிய மரக் குலத்தின் பிசினே என்று இரசாயனச் சோதனை காட்டிற்று. நமது நாட்டின் ஈரவலயக் காடுகளில் 'ஹொர' என்றும் 'ஹல்' என்றும் சிங்களத்திலே வழங்கும் மரங்களும் அக்குலத்தனவே. இந்தியத் தரை நெடுங்காலம் தனித்தீவாய்க் கடலில் நகர்ந்து வந்து ஆசியாவோடு மோதியது. தனித்திருந்த தீவிலே தனித்த பூச்சிகளே இருக்கும் என எதிர்பார்த்தனர். ஆனால் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழ்ந்தவற்றின் உறவினங்கள் அங்கே காணப்பட்டன. அத்தீவு முற்றிலும் துண்டிக்கப்பட்டிருக்கவில்லை என்பது இதனாற் புலனாயிற்று. எங்கிருந்து வந்ததென்று அறியாத அம்பராயின் இம்முடிவு பிறந்திருக்குமா? அது வெறும் ஆபரணக் கல்லாகவே இருந்திருக்கும்.

இடக்குறிப்பு அறத்தோடும் தொடர்புடையது. பர்மாவின் கச்சின் நாட்டில், ஏறத்தாழ 9 கோடியே 90 இலட்சம் ஆண்டு பழமையுடைய அம்பர் தோண்டப்படுகின்றது. 2017இல் அச்சுரங்கப் பகுதியை இராணுவம் கைப்பற்றியது. அதன் பின் அங்கிருந்து பெறப்பட்டவற்றைப் பற்றிய கட்டுரைகளை வெளியிடாது நிறுத்துமாறு, தொல் முள்ளந்தண்டுயிர் ஆய்வாளர் சங்கம் 2020இல் ஆய்விதழ்களை வேண்டிற்று. போரின் விலையை அறிந்த வன்னி மக்களுக்கு அவ்வேண்டுகோளின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

வன்னியின் பெரும்பகுதி உயிர்ச்சுவடு தங்காத மிகப் பழைய பளிங்குருப் பாறைமீது அமைந்தது. இங்கே அம்பரைத் தேடுதல் வீண். ஆயினும் நமது மண் ஊமையன்று. இரணைமடுப் பகுதியின் செம்மண்ணுக்குக் கீழேயுள்ள பரற்படைகளிற் கற்கருவிகள் கிடைத்துள்ளன. சிரான் தெரணியகல அவற்றுக்கு ஏறத்தாழ 1,25,000 ஆண்டு வயது மதித்துள்ளார். கல்லைமட்டும் எடுத்து, படையைக் குறித்து வையாதிருந்தால் இம்மதிப்புக்கு இடமேது?

நமது பூச்சிகளின் கதையையும் நோக்குக. பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று பாகங்களாக இலண்டனில் வெளியிட்ட நூல், இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் விவரிப்பது. அதற்குச் சித்திரம் தீட்டியோர் இந்நாட்டவரான அல்விஸ் குடும்பத்தார். அவர்தம் தூரிகையாற் பூச்சியின் நிறம் இன்றும் நிலைத்திருக்கின்றது. நமது பாலைக்கும் முதிரைக்கும் இடையே இரவிற் பறப்பவற்றை அவ்வாறு பார்த்து எழுதுவோர் இன்னும் பலர் வேண்டும்.

ஆதலால் நேயர்களே, கிணறு வெட்டும்போதும் குளக்கட்டுத் திருத்தும்போதும் ஓடோ கல்லோ புதியதாகத் தோன்றினால், அதனைக் கழுவித் திண்ணையிலே வைத்துவிடாதீர்கள். கிடந்த இடத்திலேயே இருக்கவிட்டு, இடத்தையும் ஆழத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதித் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மாணவர் விளக்கடியில் விழுந்த அந்துப்பூச்சியைப் பெட்டியில் வைப்பின், ஊர்ப் பெயரையும் திகதியையும் உடன் எழுதி வைக்குமாறு பழக்குங்கள். பிசின் பூச்சியைக் காத்தது தற்செயல். அது பிறந்த ஊரைக் காத்துத் தருதல் மனிதர் கடமை.