துணை என்னும் சொல்

துணை நடிகையருக்கென ஹாலிவுட்டார் 1937இல் தனிப் பரிசு ஏற்படுத்தினர். நம் டி. ஏ. மதுரத்திற்கு அத்தகைய பரிசு வாய்த்ததில்லை. அமெரிக்கரான எல்லிஸ் டங்கன் இயக்கிய அம்பிகாபதி (1937), சகுந்தலை (1940) ஆகிய படங்களிலும், ஹரிதாஸிலும் (1944) கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுக்கு இணையாக நின்று, நகைப்பினூடே நல்லறிவு புகட்டிய அம்மையார் அவர்.

1944 டிசம்பரில் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் கைதானார். மறு ஆண்டு ஆயுள் தண்டனையும் பெற்றார். மதுரம் மனந்தளர்ந்தாரில்லை. கணவரை மீட்க ஓயாது உழைத்தார். வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்டது. 1947 ஏப்ரலில் கலைவாணர் விடுதலையானார்.

இங்கே யார் யாருக்குத் துணை? படத்தில் பின்னின்றவரே வாழ்வில் தூணாய் நின்றார் என்போம் நாம். உலு திராம் போன்ற தோட்டங்களின் செக்ரோலில் கணவன் பெயருக்குப் பின்னரே மனைவியின் பெயரை எழுதிப் பழகியோர் இதனைச் சற்றே சிந்திப்பாராக!